‘எம்பாச்சோ’ என்பதை அஜீரணம் என்று பெயர்க்கலாமா?

மெக்சிகக் கதை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. கதையில் ஒரு பாட்டி, பேரனுக்கு ‘எம்பாச்சோ’ கண்டிருக்கிறது என்று சொல்லி, அவனைக் குப்புறப் படுக்கவைத்து முதுகுத் தோலைப் பிடித்து இழுக்கிறாள். அகராதியைப் பார்த்தால் ‘அஜீரணம்’ என்று இருக்கிறது. அஜீரணத்துக்கு முதுகை ஏன் இழுக்க வேண்டும், இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, இது ஸ்பானியர் கொண்டுவந்த நோயா, ஸ்பானியருக்கு முன் மெக்சிகோவை ஆண்ட அஸ்தெக்குகள் காலத்திலிருந்தே அங்கு இருந்ததா என்று அவர் கேட்கிறார்.

அகராதி சொல்வது தவறில்லை. ஆனால் அது ஸ்பெயினின் பொருளை மட்டுமே சொல்கிறது. மாட்ரிட்டில் ஒரு பிள்ளை பிறந்தநாள் விருந்தில் அளவுக்கு மீறி மிட்டாய் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அதற்கு எம்பாச்சோ என்று பெயர்; இரண்டு வேளை கஞ்சி குடித்தால் தீர்ந்துபோகும். அட்லாண்டிக்கைக் கடந்து மெக்சிகோ, குவாத்தமாலா, புவேர்த்தோ ரீக்கோ, அர்ஜென்டினா என்று போகப் போக அந்தச் சொல் கனத்துக்கொண்டே வருகிறது. அங்கே எம்பாச்சோ என்பது உண்ட உணவு இரைப்பையின் சுவரிலோ குடலிலோ போய் ஒட்டிக்கொண்டு, மேலே வரவும் முடியாமல் கீழே இறங்கவும் முடியாமல் நிற்கும் நோய். செரியாமல் போவது வேறு, சிக்கிக்கொள்வது வேறு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், பாட்டி செய்யும் வைத்தியமும் சொல்லின் வேரும் ஒன்றையொன்று விளக்கிவிடும்.

நோயை முதலில் பார்ப்போம். இது எல்லா வயதினருக்கும் வரும் என்றாலும் பெரும்பாலும் குழந்தைகளுக்கே வருவதாகச் சொல்வார்கள். காய்வெட்டான பழம், வேகாத மாவு, சூடு ஆறாத ரொட்டி, விழுங்கிவிட்ட சூயிங்கம், பல் முளைக்கும் பருவத்தில் குழந்தை விழுங்கும் எச்சில் ஆகியவை காரணங்களாகக் கூறப்படுகின்றன. வேளை தவறி உண்பதும், பசியில்லாத பிள்ளைக்கு வற்புறுத்தி ஊட்டுவதும்கூட இந்தப் பட்டியலில் உண்டு. கடைசியாகச் சொன்னது கவனிக்கத்தக்கது, ஏனெனில் அங்கே குற்றம் உணவின்மேல் இல்லை, ஊட்டியவர்மேல் இருக்கிறது. வயிற்றுவலி, வயிற்று உப்புசம், வாந்தி, பசியின்மை, சில வேளைகளில் காய்ச்சல் ஆகியவை அறிகுறிகள். வயிற்றுப்போக்கும் மலச்சிக்கலும் ஒரே நோயின் அறிகுறிகளாகச் சொல்லப்படுவது நவீன மருத்துவருக்கு முரணாகத் தோன்றலாம். அடைப்பு என்று எண்ணிப் பார்ப்பவருக்கு அதில் முரண் எதுவும் இல்லை: சாக்கடையில் கல் சிக்கினால் சில நேரம் நீர் தேங்கும், சில நேரம் பக்கவாட்டில் பீறிட்டு ஓடும்.

சூசன் வெல்லர், லீ பாக்டர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1993-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வாழும் புவேர்த்தோ ரீக்கர்கள், தெற்கு டெக்சாஸின் மெக்சிக வம்சாவளியினர், மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்தார், குவாத்தமாலாவின் கிராமத்தார் ஆகிய நான்கு தரப்பினரிடமும் இந்நோயைப் பற்றிக் கேட்டறிந்தது. ஒருவரையொருவர் பார்த்திராத இந்த நான்கு கூட்டத்தாரும் காரணம், அறிகுறி, சிகிச்சை ஆகியவற்றில் பெருமளவு ஒத்த விடைகளையே தந்தார்கள். ஆகவே இதை ஏதோ ஒரு கிழவியின் மூடநம்பிக்கை என்று ஒதுக்க முடியாது. பல நாட்டு மக்கள் நூற்றாண்டுகளாகக் கட்டிக்காத்துவரும், உள்ளிசைவு கொண்ட ஓர் அறிவுத்தொகுதி இது. அந்த அறிவு சரியா தவறா என்பது வேறு கேள்வி.

இனிச் சொல்லுக்கு வருவோம். லத்தீனில் கால் என்பதற்குப் ‘பெஸ்’ என்று பெயர். அது வேற்றுமை ஏற்கும்போது ‘பெத்’ என்ற அடி வெளிப்படும். அதிலிருந்து பிறந்த ‘பெதிக்கா’ என்பது கால்விலங்கையும், விலங்கின் காலைச் சிக்கவைக்கும் கண்ணியையும் குறித்தது. அதற்கு முன்னொட்டுச் சேர்ந்து ‘இம்பெதிக்காரே’ என்ற வினை உண்டாயிற்று. நம் சொல்லில் சொன்னால், தளையிடுதல். இவ்வினை பழைய பிரெஞ்சில் ‘எம்பெச்சியே’ போன்ற வடிவமாகத் திரிந்து, இன்றைய பிரெஞ்சில் ‘தடுத்தல்’ என்ற பொருளோடு ‘ஆம்பெஷே’ என்று நிற்கிறது. அங்கிருந்தே அது ஸ்பானியத்துக்குள் ‘எம்பாச்சார்’ என்று நுழைந்தது. அதன் பெயர்ச்சொல்தான் எம்பாச்சோ. அதே பழைய பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்துக்குப் போய் ‘இம்பீச்’ ஆனது. அமெரிக்க அதிபர்மேல் கொண்டுவரப்படும் இம்பீச்மென்ட் தீர்மானமும் மெக்சிகக் குழந்தையின் வயிற்றுவலியும் ஒரே தளையின் இரு கண்ணிகள் என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. எதிர்ச்சொல்லும் உண்டு: தளையை அவிழ்த்து அனுப்புவதைக் குறித்த பிரெஞ்சு வினையிலிருந்து ஸ்பானியத்தில் ‘தெஸ்பாச்சார்’ வந்தது. கடைக்காரர் சரக்கை அனுப்புவதையும் அலுவலகம் கோப்பை முடித்து அனுப்புவதையும் அது இன்று குறிக்கிறது.

தளை என்ற கருத்து ஸ்பானியத்தில் இரண்டு கிளையாகப் பிரிந்தது. ஒன்று மனத்துக்கு ஏற்படும் தடை, அதாவது கூச்சம், நாணம். இன்றும் ‘சின் எம்பாச்சோ’ என்றால் ‘கூச்சமின்றி’ என்று பொருள். மற்றொன்று வயிற்றுக்கு ஏற்படும் தடை. ஸ்பானியத்தில் இதற்குப் பழைய இணை ஒன்று உண்டு: வயிறு முட்டத் தின்றவரைக் குறிக்கும் ‘ஆயீத்தோ’ என்ற சொல், ‘அறைந்து பொருத்தப்பட்டது’ என்ற பொருளுடைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆக, ஒன்றில் ஆணி, மற்றொன்றில் விலங்கு. வயிற்று உபாதையை ‘நகராமல் நிற்பது’ என்று பார்க்கும் வழக்கம் இந்த நோயோடு மட்டும் வந்ததல்ல, அம்மொழியிலேயே ஊறியிருக்கிறது. நமக்கும் இது அந்நியமன்று. மலக்கட்டு, நீர்க்கட்டு என்று சொல்லும்போது நாமும் உடலுக்குள் ஒரு கயிற்றைக் காண்கிறோம்.

சொல் ஐரோப்பியச் சொல் என்பதில் ஐயமே இல்லை. ஆனால் சொல் எங்கே பிறந்ததோ அங்கேதான் நோயும் பிறந்தது என்று முடிவுகட்டிவிட முடியாது. இந்த இடத்தில் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. உணவையும் நோயையும் சூடு, குளிர்ச்சி என்று பிரிக்கும் லத்தீன் அமெரிக்க மக்களின் மருத்துவம் ஸ்பெயினிலிருந்து இறங்கிய கிரேக்க, அரபு மருத்துவத்தின் எச்சம் என்று மானிடவியலாளர் ஜார்ஜ் ஃபாஸ்டர் வாதிட்டார். அந்தப் பகுப்பு ஸ்பானியர் அந்நாடுகளை வெல்வதற்கு முன்பே நடு அமெரிக்க மக்களிடம் இருந்தது என்று மெக்சிக வரலாற்றறிஞர் அல்ஃப்ரேதோ லோப்பஸ் அவுஸ்தீன் மறுத்தார். எம்பாச்சோவின் வரலாற்றைப் பல ஆண்டுகள் துருவிய மெக்சிக மருத்துவரும் மானிடவியலாளருமான ரொபேர்த்தோ காம்போஸ் நவார்ரோ, மருந்துக் குறிப்புகளைத் தொகுத்துக் காட்டியபோது அவற்றில் இரு கண்டத்துப் பொருள்களும் கலந்தே கிடந்தன.

இவ்விவாதத்தில் ஒரு பக்கம் சாயத் தேவையில்லை என்பது என் கருத்து. நோயைச் சுற்றியுள்ள சொற்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே கலவை எப்படி நடந்தது என்பது தெரிந்துவிடும். நோயின் பெயர் லத்தீன்வழி வந்தது. வயிற்றைத் தடவும் எண்ணெயும், கொதிக்கவைக்கும் சாமந்தி இனப் பூவான ‘மன்சனீயா’வும் ஐரோப்பாவின் வரவு. ஆனால் கசப்பான ‘எஸ்தாஃபியாத்தே’ என்ற மூலிகையின் பெயர், அஸ்தெக்குகள் பேசிய நாவாட்டில் மொழியின் ‘இஸ்தவ்யாட்டில்’ என்பதன் திரிபு. அந்தச் செடி 16-ஆம் நூற்றாண்டில் பாதிரியார் பெர்னார்தினோ தெ சாகூன் தொகுத்த நாவாட்டில் ஆவணங்களிலேயே மருந்தாக இடம்பெற்றிருக்கிறது. ஏரிக்கரைகளில் உறையும் கார உப்பான ‘தெக்கெஸ்கீத்தே’யும் நாவாட்டில் பெயரே. அடுத்துச் சொல்லப்போகும் ‘அசார்கோன்’, ‘அசோகே’ என்ற இரு கனிமப் பெயர்களும் அரபு மொழி ஸ்பெயினில் விட்டுப்போனவை. ஆக, ஒரு வயிற்றுவலிக்கு ரோமும், அரபு ஆட்சிக்கால ஸ்பெயினின் கோர்தோபாவும், அஸ்தெக்குகளின் தலைநகரான தெனோச்தித்லானும் கூடி மருந்து அரைத்திருக்கின்றன.

இன்னும் தெளிவான சான்று ஒன்று உண்டு. மெக்சிகோவில் ‘எப்பசோத்தே’ என்று நாவாட்டில் பெயரோடு வழங்கும் நெடியடிக்கும் கீரையும், அர்ஜென்டினாவிலும் சிலியிலும் ‘பாய்க்கோ’ என்று, ஆண்டிஸ் மலைப் பழங்குடியினரின் கெச்சுவா மொழிப் பெயரோடு வழங்கும் செடியும் ஒரே தாவர இனம். குடற்புழுக்களைக் கொல்லும் ஆற்றல் அதன் எண்ணெயில் உண்டு. அளவு மிஞ்சினால் அதுவே நஞ்சாகும். வெவ்வேறு மொழி பேசிய பழங்குடியினர் தத்தம் பட்டறிவில் வயிற்றுக்கு மருந்தாகக் கண்டிருந்த செடி, ஸ்பானியப் பெயர் கொண்ட நோய்க்குள் இரண்டு இடங்களிலும் வந்து சேர்ந்திருக்கிறது. வந்தவர்கள் நோய்க்குப் பெயர் தந்தார்கள், இருந்தவர்கள் மருந்து தந்தார்கள் என்று சொன்னால் அது உண்மைக்கு ஓரளவு நெருங்கி வரும். அந்தப் பெயர் பசிபிக்கையும் கடந்தது: 1565 முதல் 1815 வரை அக்காபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே கப்பல்கள் ஓடிய காலத்தில் பிலிப்பைன்ஸ் ஸ்பானியர் ஆட்சியில் இருந்தது, இன்றும் அங்கே தகாலோக் மொழியில் அஜீரணத்துக்கு ‘இம்பாட்சோ’ என்றே பெயர்.

இப்போது பாட்டி செய்வதை அருகிலிருந்து பார்ப்போம். முதலில் அவள் குழந்தையின் வயிற்றை விரல்நுனிகளால் அழுத்தி அழுத்தித் தேடுவாள்; சிக்கியிருக்கும் உணவு ஓர் உருண்டையாகக் கைக்குத் தட்டுப்படும் என்பது நம்பிக்கை. வெதுவெதுப்பான எண்ணெயை ஊற்றி, மேலிருந்து கீழாக, உருண்டையை இறக்குகிற கணக்கில் நீவுவாள். பிறகு குழந்தையைக் குப்புறத் திருப்புவாள். இடுப்புக்கு மேலே முதுகெலும்பின் ஓரமாகத் தோலைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையே கொத்தாகப் பிடித்து, சற்று உருட்டி, வெடுக்கென்று மேலே இழுப்பாள். ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம்தான் எல்லாம். அது கேட்டால் ஒட்டியிருந்தது விடுபட்டுவிட்டது என்று பொருள். கேட்காவிட்டால் இன்னும் ஓரிடத்தில் பிடித்து இழுப்பார்கள். மெக்சிகோவில் இதை ‘த்ரொனார் எல் எம்பாச்சோ’ என்கிறார்கள்; த்ரொனார் என்பது இடி இடிப்பதையும் வெடிப்பொலியையும் குறிக்கும் வினை. அர்ஜென்டினாவில் இதே வைத்தியத்துக்குத் ‘தோலை இழுத்தல்’ என்று பொருள்படும் ‘திரார் எல் குவெரீத்தோ’ என்ற பெயர். முடிவில் சாமந்திக் கஷாயமோ புதினாக் கஷாயமோ கொடுத்து, ஓரிரு நாள் கடின உணவை நிறுத்துவார்கள்.

அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் தோலைத் தொடாத முறை ஒன்றும் இருக்கிறது. நோயாளி ஒரு துணிப்பட்டையின் நுனியைத் தன் நெஞ்சுக்குழியில் பிடித்துக்கொள்வார். வைத்தியம் செய்பவர் எதிரே நின்று, தன் முழங்கை முதல் கைநுனிவரை அளவாக வைத்து அந்தப் பட்டையை மூன்று முறை அளந்துகொண்டே, வாய்க்குள் மந்திரம் முணுமுணுப்பார். மூன்றாம் அளவில் கை நோயாளியின் உடலில் எங்கே போய்ப் படுகிறது என்பதை வைத்து எம்பாச்சோ இருக்கிறதா, எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று சொல்வார். அந்த மந்திரத்தைக் கண்ட நாளில் சொல்லித்தரக் கூடாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் மட்டுமே அடுத்த தலைமுறைக்குக் கைமாற்ற வேண்டும் என்பது மரபு. புவனோஸ் ஐரெஸ் போன்ற பெருநகரில், படித்த குடும்பங்களிலும் இது இன்னும் வழக்கில் இருக்கிறது.

இவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை. எண்ணெய் நீவலும் கஷாயமும் ஓய்வும் சாதாரண வயிற்று உபாதைக்கு இதமாகவே இருக்கும். குடல்வால் அழற்சியாக இருந்தாலோ, வயிற்றுப்போக்கில் நீர்ச்சத்து வற்றிய குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தாமதித்தாலோதான் ஆபத்து. ஆனால் இந்த நோய்க்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் என் பதில் பொறுப்பற்றதாகிவிடும்.

1981-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகர மருத்துவமனை ஒன்றில் ஒரு குழந்தையின் இரைப்பையைக் கழுவியபோது பளிச்சென்ற ஆரஞ்சு நிறத் தூள் வெளியே வந்தது. சோதித்ததில் அது ஈயத்தின் ஆக்சைடு. திரும்பத் திரும்பக் கேட்ட பிறகே, எம்பாச்சோவுக்காக ‘அசார்கோன்’ கொடுத்ததாகத் தாய் ஒப்புக்கொண்டார். அதே காலத்தில் ‘கிரேத்தா’ என்ற மஞ்சள் தூளும் கண்டுபிடிக்கப்பட்டது. மெக்சிகக் குயவர்கள் மண்பாண்டங்களுக்கு மெருகேற்றப் பயன்படுத்தும் ஈய ஆக்சைடு அது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் மிருதாரசிங்கி என்று வழங்கும் பொருளும் அடிப்படையில் இதுதான். வேதிக் கணக்குப்படி தூய அசார்கோனின் எடையில் ஏறத்தாழ 91 விழுக்காடும், தூய கிரேத்தாவில் ஏறத்தாழ 93 விழுக்காடும் ஈயம். குழந்தையின் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 3.5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே கவனிக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 முதல் கூறிவருகிறது. அந்த நிலையில், எண்ணெயிலோ பாலிலோ குழைத்துக் கொடுக்கும் ஒரு கிராம் தூளில் 900 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கிறது என்றால் அதன் கொடுமையை உணரலாம்.

தாய்மார் ஏன் இதைக் கொடுத்தார்கள்? விடை மறுபடியும் சொல்லின் வேரிலேயே இருக்கிறது. ஒட்டிக்கொண்டிருப்பதைத் தள்ளிவிட வேண்டுமானால் கனமான ஒன்று வேண்டும். ஈயத்தூளும், ‘அசோகே’ எனப்படும் பாதரசமும் கனத்தவை. அவை தம் எடையால் அடைப்பை இடித்துக்கொண்டு இறங்கும் என்பது தர்க்கம். அறியாத மக்களின் தனிக்கற்பனை என்று இதைச் சொல்ல முடியாது, ஏனெனில் ஐரோப்பிய மருத்துவர்களே குடல் அடைப்புக்கு ஒரு காலத்தில் பாதரசத்தைக் குடிக்கக் கொடுத்திருக்கிறார்கள். இதைவிடக் கொடியது அடுத்து நடப்பது. ஈய நஞ்சின் அறிகுறிகள் வயிற்றுவலி, வாந்தி, மலச்சிக்கல், பசியின்மை. அதாவது, மருந்து உண்டாக்கும் நோய் எம்பாச்சோவைப் போலவே இருக்கும். குழந்தைக்கு இன்னும் சரியாகவில்லையே என்று கவலைப்படும் தாய் இன்னொரு வேளை தூள் கொடுப்பாள்.

இதைத் தடுக்கும் பணியில் டெக்சாஸைச் சேர்ந்த மானிடவியலாளர் ராபர்ட் டிராட்டர் செய்தது எனக்கு மிகவும் பிடித்த செயல். மருத்துவத் துறையினரிடம் கேட்டிருந்தால் அப்படியொரு நோயே இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். தாய்மார்களும் அசார்கோனை இன்னும் ஆழமாக ஒளித்து வைத்திருப்பார்கள். டிராட்டர் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கின் மூலிகைக் கடைகளுக்குத் தானே போய், எம்பாச்சோவுக்கு மருந்து கேட்டு, கிரேத்தாவை எளிதாக வாங்கிக் காட்டினார். விழிப்புணர்வுப் பணி தொடங்கியபோது, எம்பாச்சோ என்ற நம்பிக்கையைத் தாக்க வேண்டாம், அந்த ஆரஞ்சுத் தூளையும் மஞ்சள் தூளையும் விட்டுவிட்டு அதே நோய்க்கு மரபிலேயே உள்ள தீங்கற்ற மருந்துகளைக் கொடுக்கச் சொல்வோம் என்ற வழியே எடுத்துக்கொள்ளப்பட்டது. நோயின் பெயரை மதித்ததால்தான் அந்தப் பேச்சு வீட்டுக்குள் நுழைய முடிந்தது.

மொழிபெயர்ப்புக்குத் திரும்புகிறேன். ‘அஜீரணம்’ என்று போட்டால் பாட்டியின் கைவேலை அர்த்தமற்றதாகிவிடும். ‘மாந்தம்’ குழந்தை நோய் என்ற அளவில் நெருங்கி வருகிறது. ஆனால் அதில் மந்தப்படுதல் இருக்கிறதே ஒழியச் சிக்குதல் இல்லை. கருத்தளவில் மிக அருகே நிற்பது நம் ஊர்களில் சொல்லும் ‘தொக்கம்’. குழந்தை சோர்ந்து சாப்பிட மறுத்தால், தின்றது உள்ளே எங்கோ நின்றுவிட்டது என்று சொல்லி, தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிக்கொண்டு போவார்கள். அவர் வயிற்றை நீவியோ குழல் வைத்து ஊதியோ ஓர் உணவுத் துணுக்கை வெளியே எடுத்துக் காட்டுவார். இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவும் இல்லை. இரு வேறு இடங்களில் மனிதர்கள் ஒரே விதமாக எண்ணியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இருந்தாலும் கதையில் ‘தொக்கம்’ என்று எழுதினால் மெக்சிகப் பாட்டி ஈரோட்டுக்கு வந்துவிடுவாள் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எம்பாச்சோ என்பதை அப்படியே வைத்துக்கொண்டு, முதல் தடவை வரும் இடத்தில் பாட்டியின் வாயாலேயே விளக்கம் வரச் செய்யுங்கள்: “எம்பாச்சோதான். தின்ன ரொட்டி குடல்ல போய் ஒட்டிக்கிட்டு நிக்குது.” இந்த ஒரு வரி இருந்தால் அடிக்குறிப்பு வேண்டியதில்லை. முதுகுத் தோலை இழுக்கும் இடத்தில் ‘குணப்படுத்தினாள்’ என்ற பொதுவினை வேண்டாம். மூலத்தில் ‘த்ரொனார்’ இருந்தால் அந்த ஓசை தமிழிலும் கேட்க வேண்டும். “மூன்றாம் இழுப்பில் டொக்கென்று எம்பாச்சோ தெறித்தது” என்று எழுதிப் பாருங்கள்.